ஓ.ஏ.பி. நின்றுவிட்டதா, வழியில் தங்கிவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் படகர் ஊரான ஹட்டியானாலும் எஸ்டேட் லைன் வீடானாலும், "ஓ.ஏ.பி. கட் ஆயிடுச்சு" என்று சொல்லும் முதியவர் ஒருவராவது இருப்பார். ஓ.ஏ.பி. என்பது அரசு மாதாமாதம் தரும் முதியோர் உதவித்தொகை. அந்த ஒரு பேச்சுக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. இந்தத் தொகையைக் கவனிக்கும் தனி தாசில்தார் ஆணை போட்டு உதவித்தொகையை நிறுத்தியிருக்கலாம். அல்லது பணம் மாதாமாதம் ஒழுங்காகக் கிளம்பி, கைக்கு வந்து சேருமுன் எங்கோ தங்கியிருக்கலாம். முதலாவதற்கு மனு எழுத வேண்டும். இரண்டாவதற்கு மனு எழுதினால் மாதக்கணக்கில் காலம்தான் போகும். தாலுகா அலுவலகக் கணக்கில் அவர் இன்னும் பணம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாததால் கூடலூரிலிருந்தும் பந்தலூரிலிருந்தும் முதியவர்கள் திங்கட்கிழமை மனு நாளுக்கு ஊட்டிக்குப் பஸ் ஏறுகிறார்கள். கூடலூரிலிருந்தே ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. பந்தலூர் அதற்கும் அப்பால். நாற்பது ரூபாய் கணக்கில் ஒரு நாளை ஓட்டுகிறவருக்கு அந்தப் பஸ் செலவு பெரிய செலவு.

நாற்பது ரூபாய் என்பது சும்மா சொன்னதல்ல. 1962-ல் மாதம் 20 ரூபாயில் தமிழ்நாட்டில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்ட்டில் 1,200 ரூபாய் ஆனது. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாற்பது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்தியப் பங்கு வெறும் 200 ரூபாய். 80 முடிந்தவருக்கு 500 ரூபாய். மிச்சத்தை மாநில அரசு போடுகிறது. வாங்குகிறவருக்கு இந்தப் பங்குக் கணக்கு எதற்கு என்று தோன்றலாம். மனு தள்ளுபடி ஆகும்போது இது உதவும், பின்னால் சொல்கிறோம்.

முதலில், பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய் வரவு செலவைப் பதிந்து வாங்குங்கள். ஊரில் கைரேகை வாங்கிப் பணம் கொடுக்கும் வங்கி முகவரின் மெஷினில் "பேலன்ஸ் இல்லை" என்று வந்ததை மட்டும் நம்பி வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். கடைசி வரவு எந்த மாதம் என்பதுதான் பார்க்க வேண்டிய வரி. போன மாதம் வரை வரவு இருக்கிறது, எடுக்க முடியவில்லை என்றால் சிக்கல் கைரேகையில் அல்லது கணக்கில். வரவே இல்லை என்றால், தாலுகா அலுவலகத்துக்குப் போகுமுன் வீட்டில் இருக்கும் மற்ற பாஸ்புக்குகளையும் ஒருமுறை பாருங்கள்.

இந்த இரண்டாவது பாஸ்புக்தான் பலரும் தவறவிடும் இடம். ஆதார் எண் வழியாக அனுப்பும் பணம், அந்த எண்ணோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் இணைப்பில் இருப்பது ஒன்றுதான். நூறு நாள் வேலைக்காகவோ குழுக் கடனுக்காகவோ புதிய கணக்கு திறக்கும்போது, படிவத்தின் கீழே ஆதார் இணைப்புக்குச் சம்மதம் கேட்கும் கட்டத்தில் டிக் அடித்துக் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். அன்றோடு பணம் தடம் மாறிவிடும். பழைய பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டி ஆறு மாதம் காத்திருப்பார். புதிய கணக்கில் ஆறு மாதப் பணம் தொடாமல் கிடக்கும். இது நல்ல செய்திதான், பணம் தொலையவில்லை. மை ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும். அதற்கு ஆதாரில் பதிந்த செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். எப்போதோ பேரன் கொடுத்த, இப்போது யாரிடமும் இல்லாத எண் அங்கே பதிவாகியிருந்தால், ஆதார் மையத்தில் எண்ணை மாற்றினால்தான் வழி பிறக்கும். அதுவும் முடியாதவர்கள் வங்கிக் கிளையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பழைய கணக்குக்கே பணம் வரவேண்டும் என்றால், பழைய கணக்கு இருக்கும் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய வங்கியில் போய் "எடுத்துவிடுங்கள்" என்று கேட்பது தேவையில்லாத அலைச்சல்.

அடுத்து கைரேகை. மற்ற மாவட்டங்களைவிட இங்கே இது பெரிய விஷயம், காரணம் தேயிலை. முப்பது நாற்பது வருஷம் கொழுந்து பறித்த பெண்ணின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொழுந்துக் கறை ஏறி நுனி கறுத்திருக்கும். தண்டைக் கிள்ளும் இடத்தில் ரேகை தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும், அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெடிப்புகள் ஓடும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் அந்த வெடிப்பு இன்னும் ஆழமாகும். மெஷினுக்கு வேண்டியது ரேகையின் மேடும் பள்ளமும். காய்ந்த விரல் கண்ணாடியில் பதியாது. அதிகம் அழுத்தினால் மேடும் பள்ளமும் நசுங்கி ஒரே திட்டாகிவிடும். "நல்லா அழுத்துங்க பாட்டி" என்று முகவர் சொல்வது தவறான யோசனை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முந்தின இரவு விரல்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படுக்க வேண்டும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு போனால் அதுவும் விழாது. மெஷின் கண்ணாடியை ஒவ்வொரு ஆளுக்கும் துடைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் விழவில்லை என்றால் பத்து விரலில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். கிள்ளும் வேலைக்கு அதிகம் போகாத மோதிரவிரலும் சுண்டுவிரலும் பல நேரம் உடனே விழும், இடது கையில் இன்னும் எளிதாக. எந்த விரலும் விழாதவர்கள் ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் எடுத்த பதிவோடு இன்றைய விரலை ஒப்பிட்டால் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. பதிவைப் புதுப்பித்த பிறகும் விழவில்லை என்றால் விரலை விட்டுவிட்டுக் கருவிழிக்குப் போவதே சரி. ரேஷன் கடைகளுக்குக் கருவிழிக் கருவி வரத் தொடங்கிவிட்டது. அதே ஆளுக்கு அதே ஊரில் உதவித்தொகை கொடுக்கும் முகவரிடம் மட்டும் விரல் மெஷின்தான் என்பது என்ன நியாயம்?

விரலும் கண்ணும் உதவாமல் படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் வழி இருக்கிறது. முதிய, நோயுற்ற, இயலாத வாடிக்கையாளர்களுக்காக ரிசர்வ் வங்கி எப்போதோ வழிமுறை வகுத்திருக்கிறது: பணம் எடுக்கும் படிவத்தில் கைநாட்டு, கை முடியாதென்றால் கால் விரல் ரேகைகூட வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் சொல்ல வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலிலேயே வங்கிச் சேவை தர முயல வேண்டும் என்று 2017 நவம்பரில் சுற்றறிக்கையும் வந்தது. "ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று கிளையில் சொன்னால், இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். தபால்காரர் வழியாக வாங்குவது இன்னொரு வழி. அஞ்சலக வங்கிக் கணக்கு இல்லாவிட்டாலும் ஆதார் இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் தபால்காரர் தன் செல்போனிலும் மெஷினிலும் பணம் எடுத்துக் கொடுக்க முடியும். தோடர் குடியிருப்பான மந்துக்கும் தெப்பக்காட்டுப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளான பாடிகளுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, தபால்காரர் பணியிடம் காலியாக இல்லாதவரை.

மெஷினில் விரல் வைத்தால் ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். மழைக்காலத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது கணக்கில் பணம் கழிந்துவிடும், மெஷின் "பெயில்" என்று காட்டும். அப்படிக் கழிந்த பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019-ம் ஆண்டு உத்தரவு. ரசீது இல்லாவிட்டால் எந்த நாள், எந்த முகவர் என்று சொல்ல முடியாமல் போகும். பணம் எடுத்துக் கொடுக்க முகவர் இருபது ஐம்பது பிடித்துக்கொள்வதும் கூடாது. அவருக்கு வங்கி கமிஷன் தருகிறது. புகாரை முதலில் கிளையில் எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், தொலைபேசி 14448.

இதெல்லாம் வழியில் தங்கிய பணம். இனி ஆணையே கிடைக்காதவர்கள், ஆணை ரத்தானவர்கள் பற்றிச் சொல்ல வேண்டும்.

மனு இ-சேவை மையத்தில் ஏறுகிறது, வி.ஏ.ஓ.வும் (கிராம நிர்வாக அலுவலர்) ஆர்.ஐ.யும் (வருவாய் ஆய்வாளர்) விசாரிக்கிறார்கள், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் ஆணையிடுகிறார். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும், அது இல்லாமல் எதையும் பின்தொடர முடியாது. மலையில் முதல் முட்டுக்கட்டை வயது. பிறப்புப் பதிவே இல்லாத பழங்குடி மூதாட்டிக்கும், பள்ளி வாசல் மிதிக்காத எஸ்டேட் தொழிலாளிக்கும் ஆதார் எடுத்த அன்று எதிரே உட்கார்ந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டிருப்பார். 1970 என்று விழுந்திருந்தால் 2030 வரை அவருக்கு 60 ஆகாது, முதுகு எவ்வளவு வளைந்தாலும். அதே வீட்டில் மூத்த மகளின் அட்டையில் 1978 என்று இருந்தால், எட்டு வயதில் பிள்ளை பெற்றார் என்றாகிறது. இப்படியான முரண்பாட்டை வாதமாகப் பேசுவதோடு விடாமல் ஆவணமாக வையுங்கள்: இரண்டு ஆதார் நகல், மகளின் பள்ளிச் சான்று, பழைய வாக்காளர் அட்டை, எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய வயது இருக்கும் பதிவேட்டின் நகல், பழைய பி.எஃப். சீட்டு. தேசிய சமூக உதவித் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில், பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் இல்லாதவருக்கு ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை ஆகியவற்றைப் பார்க்கலாம், ஒன்றும் இல்லை என்றால் அரசு மருத்துவர் வயதுச் சான்று தரலாம் என்று இருக்கிறது. ஆதார் பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று ஆதார் ஆணையமே 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. உச்ச நீதிமன்றமும் 2024 அக்டோபரில் ஒரு தீர்ப்பில் அதையே எடுத்துச் சொன்னது. ஆனால் கணினித் திரையில் ஆதார் வயது 60-க்குக் கீழ் இருந்தால் விண்ணப்பம் நகர்வதே கஷ்டம். அதனால் ஆதாரையும் திருத்தித்தான் ஆகவேண்டும். பிறந்த தேதியை ஒரே ஒருமுறைதான் சாதாரணமாக மாற்ற முடியும். ஆவணம் கையில் சேராமல் அவசரப்பட்டு, தோராயமாக இன்னொரு தேதியைப் போட்டு அந்த ஒரு வாய்ப்பையும் வீணாக்கியவர்கள் நிறைய.

இரண்டாவது முட்டுக்கட்டை, "மகன் இருக்கிறான், ஆதரவற்றவர் அல்ல" என்ற ஒரு வரி. மத்தியத் திட்டத்துக்கு 2007 முதல் "ஆதரவற்றவர்" என்ற நிபந்தனையே கிடையாது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம், வயது 60, இரண்டும் போதும். வயதும் முன்பு 65; 2011-ல்தான் 60 ஆனது. மாநில அரசின் தனித் திட்டங்களில்தான் ஆதரவற்ற நிலையைப் பார்ப்பார்கள். ஆகவே தள்ளுபடி ஆணை வந்தால் கேட்க வேண்டிய கேள்வி: எந்தத் திட்டத்தின் கீழ் என் மனுவைப் பரிசீலித்தீர்கள்? வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவரின் மனுவை, மகனைக் காட்டி மத்தியத் திட்டத்திலிருந்து தள்ளுவதற்கு இடமில்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பதும் மாதாமாதம் பணம் அனுப்புவதும் ஒன்றா என்பது வேறு கேள்வி, விசாரணைக்கு வருகிறவர் அதை வீட்டு அடுப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர் என்றால் வேறு ஓய்வூதியம் உள்ளவர் என்று மனு தள்ளுபடியாகும். 2014 முதல் அந்தப் பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்து ஆயிரம் வாங்குகிறவர், 1,200 கேட்கத் தகுதியில்லாதவர் ஆகிறார். இது மாற வேண்டும், குறைந்தபட்சம் வித்தியாசத் தொகையாவது கொடுக்க வேண்டும். ஆனால் பத்து வருஷப் பணி நிறையாதவருக்கு மாதப் பென்ஷன் கிடையாது, மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். அவர் விண்ணப்பிக்கலாம். பி.எஃப். எண் இருக்கிறது என்பதற்காக அவரையும் சேர்த்துத் தள்ளிவிடாமல் இருக்க, கணக்கு முடித்த கடிதத்தை மனுவோடு வைக்க வேண்டும்.

விதவை உதவித்தொகையில் பெரும்பாலும் சிக்குவது கணவரின் இறப்புச் சான்று. 21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்று இடத்தில் கோட்டாட்சியர் இருக்கிறார். கணவர் வாங்கிய ஓ.ஏ.பி. அவர் இறந்தபின் மனைவி பேருக்குத் தானாக மாறாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த் துறைத் தொகை 1,500, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவி 2,000. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும், பாதிப்பு கடுமையானவர்கள் பின்னதைக் கேட்பதே நல்லது.

இனி எங்கள் முக்கியமான வேண்டுகோள். ஓய்வூதியதாரர் உயிரோடு, அதே முகவரியில் இருக்கிறாரா என்று அவ்வப்போது சரிபார்க்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் இந்த மலையில் முதியவர்கள் உறைபனிக் காலத்தில் இரண்டு மாதம் மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்புத்தூருக்கும் பிள்ளைகளிடம் போய்விடுவார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளி லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு ஊருக்குக் குடிபோவார். கூடலூர்ப் பக்கம் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் உரிமை முடிவாகாத பிரிவு 17 நிலத்தில் குடியிருப்பவர் பலருக்குப் பட்டாவும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. அவர்களுக்கு முகவரிக்குக் காட்ட ரேஷன் கார்டைத் தவிர ஒன்றும் இல்லை. விசாரணைக்குப் போன அன்று கதவு பூட்டியிருந்தால் "முகவரியில் இல்லை" என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும், அடுத்த மாதம் பணம் வராது. ஏன் என்று சொல்லி ஒரு துண்டுக் காகிதமும் வீட்டுக்கு வராது. அவருக்குத் தெரிய வருவதே மெஷினில் விரல் வைத்து நிற்கும்போதுதான். பிறகு புதிதாக மனு, புதிதாக விசாரணை, இடையில் போன மாதங்கள் போனவைதான்.

வீட்டு வரி பாக்கி என்றாலும் மின்கட்டணப் பாக்கி என்றாலும் இணைப்பைத் துண்டிக்குமுன் தகவல் கொடுக்கிறார்கள். ஒரு முதியவரின் மாதச் சோற்றை நிறுத்துமுன் அதே மரியாதையைக் கொடுக்கக் கூடாதா? நிறுத்தப் போகிறோம், இன்ன காரணம், முப்பது நாளுக்குள் வந்து சொல்லுங்கள் என்று தமிழில் நான்கு வரி எழுதி வீட்டுக்கு ஒன்று, ரேஷன் கடைப் பலகையில் ஒன்று, ஊர்த் தலைவரிடம் ஒன்று கொடுத்தால் போதும். ரேஷன் கடையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓ.ஏ.பி. வாங்குகிறவர்கள் மாதம் 4 கிலோ இலவச அரிசிக்கு அந்தக் கடைக்குத்தான் வருகிறார்கள். 2025 ஆகஸ்ட் முதல் தாயுமானவர் திட்டத்தில் முதியோர் வீட்டு வாசலுக்கே அங்கிருந்து பொருள் போகிறது. ஒரு ஆள் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்று வி.ஏ.ஓ.வைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் கடைக்காரர். "முகவரியில் இல்லை" என்று எழுதுமுன் அந்த மாதம் அவர் பேரில் அரிசி போயிருக்கிறதா என்று பார்த்தாலே பாதித் தவறு குறையும்.

ஏற்கெனவே நின்றுபோனவர்கள் செய்ய வேண்டியது: பழைய ஆணை எண்ணைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்காக, யார் அறிக்கையின் பேரில் நிறுத்தப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவருக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை இணைத்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். காரணமே தெரியாமல் "கட் ஆயிடுச்சு, மறுபடி போடுங்க" என்று எழுதும் மனு, அதே தனி தாசில்தார் மேசைக்குத்தான் சுற்றி வரும். இடம் மாறியவர்கள், மனுவோடு புதிய முகவரி உள்ள ரேஷன் கார்டு நகலை வைத்துப் புதிய வட்டத்துக்கு மாற்றிக் கேட்க வேண்டும். தாலுகாவில் ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நாட்களில் கொடுத்தால் கையோடு பதிவு எண் கிடைக்கும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது ஒன்றுதான் மிச்சம். மாதத்தில் ஒரு நாள், சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவான ஒவ்வொரு பிர்க்காவிலும் ஒரே கூரையின் கீழ் நான்கு பேர் உட்கார வேண்டும்: கருவிழிக் கருவியோடு ஆதார் ஆபரேட்டர், வயதுச் சான்று தரக்கூடிய அரசு மருத்துவர், வங்கி முகவர், தனி தாசில்தார் அலுவலகத்திலிருந்து கணினியில் பெயரைப் பார்த்து "ஆணை இருக்கிறது" அல்லது "இந்தத் தேதியில் ரத்தாகியிருக்கிறது" என்று சொல்லக்கூடிய ஒருவர். இந்த நால்வரும் இப்போதே சம்பளத்திலோ கமிஷனிலோ வேலையில் இருப்பவர்கள்தான். முதல் முகாமைப் பந்தலூர் வட்டத்தில், ஜூன் மழை பிடிக்குமுன் வைத்தால் நல்லது. மழை இறங்கிவிட்டால் அங்கே கரண்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறையினர் இருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.